யமுனாவின் ஜன்னலுக்கு ஒரு பூட்டு

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே அதே தகராறு. யமுனா ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் என் மேசைக் கணினியிலிருந்து இன்றைய பேப்பரை அவள் கணினித் திரைக்கு அனுப்பினேன். அந்தத் திரையை இரண்டு ஜன்னலாகப் பிரித்து வைத்திருக்கிறேன். வலது ஜன்னலில் திறக்க வேண்டியது, அவள் எழுதிக்கொண்டிருந்த இடது ஜன்னலின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. எழுதியது அடியில் மாட்டிக்கொண்டது. அழியவில்லை, மறைந்துவிட்டது. அதை மறுபடி மேலே கொண்டுவருவதற்குள் அவளுக்குக் கை ஓய்ந்துவிடும்.

கை என்ன கை. வலது ஆள்காட்டி விரல் ஒன்றுதான் பாக்கி. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டுப் போகிற நோய். போன தீபாவளிக்குப் பேச்சு போயிற்று. விரலுக்கடியில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். திரையின் கீழே எழுத்துகள் வரிசையாக ஒளிரும், வேண்டிய எழுத்து வரும்போது அழுத்துவாள். கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து கடைசி பெஞ்சு வரைக்கும் அதட்டிய என் மனைவி, இப்போது அந்த இடது ஜன்னலில்தான் பேசுகிறாள். பெரிய எழுத்தில் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு.

ஜன்னலுக்கு ஒரு பூட்டு வேண்டும். நானே செய்யப்போகிறேன்.

ஜூலை 5, சனி

குழுவுக்கு அனுப்ப வேண்டியதை முதலில் இங்கே தமிழில் எழுதிப் பார்க்கிறேன். அப்போதுதான் எனக்கே தெளிவாகும்.

சிலேட்டு ஓர் எழுதும் மென்பொருள். யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். வெவ்வேறு நாடுகளில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் சில பேர் சம்பளமில்லாமல் அதைக் கட்டி மேய்க்கிறோம். திரையை ஜன்னல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். ஆனால் புதிதாக ஒரு கோப்பு வந்தால், கர்சர் எந்த ஜன்னலில் இருக்கிறதோ அதிலேயே வந்து திறக்கும். அதுதான் வினை.

நான் கேட்பது இதுதான். ஒரு ஜன்னலைப் பூட்டிவிட்டால், அதில் இருப்பதைத் தள்ளிவிட்டு வேறு எதுவும் வந்து உட்காரக் கூடாது. வருவது பக்கத்து ஜன்னலுக்குப் போகட்டும். பக்கத்தில் ஜன்னலே இல்லையென்றால், பூட்டியிருக்கிறது என்று சொல்லித் திரும்பட்டும். அவசரத்துக்கு மட்டும், பூட்டை மீறித் திறக்க ஒரு தனிக் கட்டளை இருக்கட்டும்.

யாருக்காக என்று எழுதவில்லை. பாவம் பார்த்துச் சேர்த்த வசதி என்று பேராகிவிடும்.

கேஸ் சிலிண்டர் வந்தது. சாரலில் நனைந்துகொண்டே வாங்கி வைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நெஞ்சு டாக்டர் ஜெயசீலன் அவளை ஊதச் சொல்லிப் பார்த்தார். மூச்சின் அளவு குறைந்திருக்கிறது. இரவில் மூச்சுக்குப் போடுகிற மாஸ்க் போதாமல் போகும் நாள் தூரத்தில் இல்லை என்றார். அப்புறம் இரண்டு வழி. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துவிட்டால், மிஷின் கொடுக்கும் மூச்சில் வருஷக்கணக்கில் இருக்கலாம். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள்.

"இத நீங்க ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து பேசிருங்க. ஆம்புலன்ஸ்ல வெச்சுப் பேசற விஷயம் இல்லைங்க தண்டபாணி. அவங்க நினைவில்லாம வந்தாங்கன்னா நான் உங்களத்தான் கேப்பேன். நீங்க சொல்றதுதான் நடக்கும்" என்றார்.

டாக்சியில் திரும்பும்போது யமுனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணபதி ரோடு முழுக்கப் பள்ளம். அவள் தலை ஆடாமல் பிடித்துக்கொள்வதிலேயே என் கவனம் போய்விட்டது.

ஜூலை 9, புதன்

அவள் "குழாய்" என்று எழுதியிருந்தாள். அந்த நேரம் பார்த்து நான் மாத்திரை அட்டவணையை அனுப்பியிருக்கிறேன். அது நேரே போய் இடது ஜன்னலில் விழுந்தது. நர்ஸ் எஸ்தர் மாத்திரை கேட்டாள் என்று ஞாபகம். அப்புறம் கஞ்சிக்கு நேரமாகிவிட்டது.

பூட்டைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். இந்த மென்பொருளின் புத்தியே சரியில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நார்வேயிலிருந்து இங்க்ரிட் பதில் போட்டிருக்கிறார். சிலேட்டில் எதைச் சேர்ப்பது என்பதில் கடைசி வார்த்தை அவருடையது. பல வருஷமாக மெயிலில் சண்டை போட்டிருக்கிறோம், முகம் பார்த்ததில்லை.

யோசனை பிடித்திருக்கிறதாம். மென்பொருளை மூடித் திறந்தாலும் பூட்டிய ஜன்னல் பூட்டியபடியே, அதே வரியோடு திரும்ப வர வேண்டும் என்கிறார். சரி, செய்துவிடலாம். ஆனால் மீறித் திறக்கும் கட்டளையைத்தான் பிடித்துக்கொண்டுவிட்டார். அது யாருக்கு? ஜன்னலைப் பூட்டியவருக்கா, வெளியிலிருந்து கோப்பு அனுப்புகிறவருக்குமா? வெளியில் இருக்கிறவர் மீறலாம் என்றால் அது பூட்டே இல்லை, கதவில் மாட்டிய அறிவிப்பு அட்டை, மரியாதை தெரிந்தவர்கள் மட்டும்தான் அதை மதிப்பார்கள் என்று எழுதியிருக்கிறார்.

நான் நீளமாகப் பதில் எழுதினேன். பூட்டியவரே திறக்க முடியாத நிலைக்குப் போய்விடலாம். பொறுப்பில் இருக்கிறவர் கையில் எப்போதும் ஒரு சாவி இருக்க வேண்டும். நன்றாகத்தான் வாதாடியிருக்கிறேன். படித்துப் பார்த்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது.

ஜூலை 14, திங்கள்

டாக்டருக்குப் போன் செய்து, குழாய் வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். "அவங்ககிட்டப் பேசிட்டீங்களா?" என்றார். பேசியாயிற்று என்றேன். இத்தனை வருஷம் ஒன்றாக இருந்துவிட்டு, அவள் மனசு எனக்குத் தெரியாதா.

ஜூலை 17, வியாழன்

இங்க்ரிட் மசியவில்லை. அவர் போட்ட மெயிலை யமுனாவிடம் காட்டினேன். இந்தப் பூட்டைப் போட்டுப் பார்க்க எனக்கு இருக்கிற ஒரே ஆள் அவள்தானே. வாசித்துவிட்டு எழுதினாள்: "அவங்க சொல்றது சரிங்க."

"உனக்கு மூச்சு முட்டுது, உடனே எதையாவது திரையில காட்டணும். அப்ப என்ன பண்றது?"

"பக்கத்து ஜன்னல்ல காட்டுங்க."

ஒவ்வோர் எழுத்துக்கும் அவ்வளவு பாடுபடுகிறவள், அந்த 'ங்க'வை மட்டும் விடமாட்டாள். மரியாதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், விட்டுத்தொலை என்று பல தடவை சொல்லியாயிற்று.

வீட்டிலும் வெளியிலும் இரண்டு பொம்பளைகள் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். சரி, வெளியிலிருந்து மீறும் வசதி கிடையாது, எடுத்துவிடுகிறேன் என்று குழுவுக்கு எழுதிப்போட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

குமரகுரு வந்திருந்தான். யமுனாவின் தம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேனேஜர். அக்கா முன்னால் சிரித்துப் பேசிவிட்டு, டீ போடுகிற சாக்கில் என்னோடு சமையலறைக்கு வந்தான்.

"மாமா, டாக்டர்கிட்டச் சொல்லிட்டீங்களாங்க?"

"சொல்லிட்டேன் மாப்ளை. வெச்சரலாம்னு."

"அக்காகிட்ட?"

"சொல்லணும்."

"நீங்களே பாத்துச் சொல்லீருங்க மாமா. என்னால ஆகாதுங்க."

டீயோடு திரும்பி வந்தபோது இடது ஜன்னலில் ஒரு வரி இருந்தது. "சமையக்கட்டு தூரமில்லை தம்பி."

குமரகுரு டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். அவள் அடுத்த வரியைத் தொடங்கினாள். அவன் மழை பிடித்துக்கொள்ளும் என்று கிளம்பினான், நானும் பஸ் நிறுத்தம் வரை போனேன். பஸ் வந்து அவன் ஏறிப் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அவளுக்குக் கண் சொருகியிருந்தது. எழுதி வைத்திருந்ததை நான் படிக்கவில்லை. தூங்குகிறவளுடையதை எதற்குப் படிப்பது.

ஜூலை 24, வியாழன்

பூட்டின் முதல் வடிவத்தை அவள் கணினியில் போட்டேன். பூட்டினாள். நான் பேப்பரை அனுப்பினேன். அது மரியாதையாக வலது ஜன்னலில் போய்த் திறந்தது. பூட்டிய ஜன்னலின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கோடு மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறேன். யமுனா கண்ணால் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்க்கிறேன்.

மத்தியானம் "குழாய் வே" வரைக்கும் எழுதியிருந்தாள். மீறும் கட்டளை போய்விட்டதா என்று நான் என் மேசையிலிருந்து சோதித்துப் பார்த்தேன். போகவில்லை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்று அவள் வரியின் மேல் திறந்துகொண்டது.

அவள் அதை மூடிவிட்டு எழுதினாள். முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. "பூட்டியிருந்தேன்."

"சோதனைதான் யமுனா. ஒரு வழி விட்டுப்போச்சு" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூலை 25, வெள்ளி

பூட்டுக்காக நான் எழுதிய நிரலை இங்க்ரிட் வரி வரியாகப் பார்த்திருக்கிறார். வேறொரு கணினியிலிருந்து அனுப்பும்போது மட்டும் மீறும் கட்டளை இன்னும் வேலை செய்கிறதே, அதை எடுத்துவிடுவதாகச் சொன்னீர்களே, கவனக்குறைவா என்று கேட்டிருந்தார்.

ஆமாம், கவனக்குறைவு என்று பதில் போட்டேன். எடுத்துவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

சளி. உறிஞ்சி எடுக்கும் மிஷினோடு பகல் பூராவும் போராட்டம். விரல் சில நேரம் பொத்தானை அழுத்தாமல் அதன் மேலேயே நடுங்கிக்கொண்டிருக்கிறது. எஸ்தரும் கவனித்துவிட்டாள். நான் பொத்தானின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

பூட்டு சிலேட்டில் சேர்ந்துவிட்டது. சோதித்தவர் பெயர் வேண்டும் என்றார்கள். யமுனா என்று கொடுத்தேன். யார் அது என்று இங்க்ரிட் கேட்டார். என் மனைவி, பேச முடியாது, இந்த ஜன்னலில்தான் பேசுகிறாள் என்று எழுதினேன். வெகு நேரம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. அவரை முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று.

கேட்டேனே. பதினேழாம் தேதியே காட்டினேனே.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் காய் வாங்கப் போயிருந்தேன். எஸ்தர் துணைக்கு இருந்தாள். திரும்பி வந்தபோது இடது ஜன்னலில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. நான் வெளியே போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி இன்றைக்குத்தான் முடித்தார்கள் என்றாள் எஸ்தர். உள்ளே, ஜன்னல் கொள்ளாமல் பெரிய எழுத்தில்:

"குழாய் வேண்டாம். விரலும் போயிட்டா நிறுத்துங்கன்னு சொல்லக்கூட முடியாது."

கத்தரிக்காய் நன்றாக இருந்தது. ஆனால் யமுனாவுக்கு மசிக்கிற பதத்தில் வேகவில்லை. நானே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அந்த வரி அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே அவள் எழுதலாம். எழுதினால் அது மேலே நகர்ந்து மறைந்துவிடும், எழுத்து அவ்வளவு பெரிசு. அதனால் எழுதமாட்டேன் என்கிறாள்.

"தண்ணி வேணுமா?" என்றேன். பதில் இல்லை. "ஃபேனைக் கொறைக்கட்டுமா?" பதில் இல்லை. கண்ணால் சொல்லலாமே, ஆமாம் என்றால் ஒரு தடவை மூடித் திறக்கிற பழக்கம் உண்டே. அதையும் நிறுத்திவிட்டாள். நான் எது கேட்டாலும் என்னைப் பார்க்கிறாள், அப்புறம் திரையைப் பார்க்கிறாள்.

நானாக யூகித்து ஃபேனைக் குறைத்தேன், கூட்டினேன். தண்ணீர் கொடுத்தேன். ஒரு ஸ்பூன் உள்ளே போயிற்று, மீதி கடைவாயில் வழிந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. "இப்படி அடம் பிடிச்சா நான் என்னதான் பண்றது, சொல்லு!" என்று கத்திவிட்டேன். எஸ்தர் துணி மடிக்கப் போவதுபோல வெளியே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கணினி சூடாகிவிட்டது போலத் தோன்றியது. நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்துப் போட்டேன். சிலேட்டு திறந்தது. இடது ஜன்னல், சிவப்புக் கோடு, அதே வரி. இங்க்ரிட் கேட்டபடியே வேலை செய்கிறது. பிழையே இல்லாமல் எழுதியிருக்கிறேன்.

யமுனா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுதிய பூட்டுதானே. நிரல் என் கையில் இருக்கிறது. ஒரு வரியை மாற்றினால் போதும், அந்த ஜன்னலில் எதை வேண்டுமானாலும் போடலாம். நிரலைத் திறந்தேன். அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கர்சரையும் வைத்துவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை. மூடிவிட்டேன்.

அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை. காலையில் எழுந்து யாருக்குப் பேப்பர் அனுப்புவது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். குழாய் இருந்தால் மூச்சுச் சத்தமாவது வீட்டில் கேட்கும் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

போனில் சொல்லியிருந்தேன். குமரகுரு வந்தான். வந்ததும் திரையைத்தான் பார்த்தான்.

"அக்கா, மனசு தளந்துபோய் எழுதியிருக்கற. இத எடுத்துரு. நாங்கெல்லாம் இருக்கறமில்ல?" என்றான். அவள் அவனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

என்னை வாசலுக்குக் கூப்பிட்டான். தூறிக்கொண்டிருந்தது.

"எப்பருந்து மாமா இது இப்படி இருக்குது?"

"புதன்கிழமையிலிருந்து."

"வேற ஒண்ணுமே சொல்லலீங்களா? தண்ணி, சோறு, ஒண்ணுக்குப் போறது?"

"ஒண்ணும் சொல்லல."

அவன் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். "எங்க ரெண்டு பேரையும் பாத்தா அவளுக்கு எப்படி இருக்கும் மாமா? வாயத் தொறக்கறதுக்கு முன்னால ஒருத்தன் பஸ்ஸுக்குப் போயிட்டான். இன்னொருத்தரு..." என்றவன் நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு."

"எனக்குப் படிக்கத் தெரியுதுங்க மாமா. எழுத்து நல்லாப் பெருசாத்தான் இருக்குது."

அவன் சாப்பிடவில்லை. போகும்போது அக்காவின் காலைத் தொட்டுவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு நான் அவள் அறைக்குப் போய், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல அந்த வரியை வாய்விட்டு வாசித்தேன். விரலும் போயிட்டா நிறுத்துங்கன்னு சொல்லக்கூட முடியாது. மிஷின் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். இவள் உள்ளே கிடப்பாள். அரித்தால் சொல்ல முடியாது, வலித்தால் சொல்ல முடியாது, போதும் என்று சொல்ல முடியாது. சொல்லாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று புதன்கிழமையிலிருந்து எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள். வருஷக்கணக்கில் அப்படி இருக்கட்டும் என்று நான் டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் டாக்டர் ஜெயசீலனுக்குப் போன் செய்தேன். அவள் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு, அவளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"டாக்டர், குழாய் வேண்டாமுங்க."

"நீங்கதானே வெக்கலாம்னு சொன்னீங்க?"

"பொய் சொல்லிட்டேனுங்க. அவகிட்ட நான் பேசவே இல்லை. அவ பேச வந்தப்பெல்லாம் பேச விடல."

"இப்ப இது யாரு முடிவுங்க தண்டபாணி?"

"அவ முடிவு. எழுதி வெச்சிருக்கா. படிக்கறேன், குறிச்சுக்குங்க." படித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"யமுனாம்மா, கேக்குதுங்களா?" என்றார் டாக்டர். யமுனா ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள். "கேக்குதுன்னு சொல்றாங்க" என்றேன். நாளைக்கு நேரில் வந்து அவளிடமே கேட்டு எழுதிக்கொள்வதாகவும், நினைவில்லாமல் வந்தாலும் இனி அதன்படிதான் செய்வோம் என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சிலேட்டில் சிவப்புக் கோடு மறைந்தது. அவளே பூட்டைத் திறந்துவிட்டாள். விரல் நடுங்கிக்கொண்டு நின்றது, அப்புறம் அழுத்தியது. ஒவ்வோர் எழுத்தாக வந்தது. என்ன சொல்லப்போகிறாளோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"முதுகு அரிக்குதுங்க. புதன்கிழமையிலிருந்து."

அவளை என் தோளில் சாய்த்துக்கொண்டு, சட்டைக்குள் கைவிட்டுச் சொறிந்துவிட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை. அவள் விரல் மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கீழே என்று எழுதியிருந்தாள்.